திட்டுனா தான் கை நிக்கும்: சைக்காலஜி படிச்சவங்க வந்து பதில் சொல்லுங்க

ஸ்ட்ரைக்கர் மணி (தண்டையார்பேட்டை)
22 வருசமா பசங்களுக்கு கேரம் சொல்லிக் குடுத்துக்கினு கீறேன், கண்ணால பாத்தத சொல்றேன். ஒருத்தன் பிரேக்குலயே அஞ்சு காயின் போட்டு ரெட்டு, ஃபாலோ எல்லாம் எடுத்தான்னு வெச்சுக்க, "சூப்பர்றா"ன்னு முதுகுல தட்டுனேன்னா அடுத்த போர்டுல மண்ண கவ்வுவான். இன்னொருத்தன் பாக்கெட் வாயில குந்திக்கினு இருக்கற காயின உட்டுட்டு ஸ்ட்ரைக்கர உள்ள தள்ளிட்டு முழிப்பான், அவனுக்கு நாலு வார்த்த நல்லா குடுப்பேன், அடுத்த போர்டு சோக்கா ஆடுவான். ஒருதபா ரெண்டுதபா இல்ல, எப்பவும் இதான். போன வாரம் இத்த டீக்கடைல சொன்னா, சைக்காலஜி எம்எஸ்சி படிக்கிற பொண்ணு ஒண்ணு "அதுக்கும் உங்க திட்டுக்கும் சம்பந்தம் இல்லண்ணா"ன்னு சொல்லிட்டு கிளாஸ வெச்சிட்டு போயிடுச்சு. அது இங்க தான் கீதுன்னு தெரியும். வரட்டும்.

காலடிப்பேட்டைக்காரி
நான் தான்ணா. பஸ் வந்துடுச்சு, அதான் ஓடிட்டேன், திமிர்னு நெனச்சுக்காதீங்க.

நீங்க பாத்தது பொய்யில்ல, பாத்ததுக்கு நீங்க சொல்ற காரணம் தான் தப்பா இருக்கலாம்னு சொல்றேன். ஒரு பையனுக்கு ஒரு சராசரி ஆட்டம் இருக்கும்ல, சில போர்டு அதுக்கு மேல போகும், சில போர்டு கீழ போகும், பவுடர் சரியா விழுந்துச்சா, பிரேக்ல காயின் எப்டி பிரிஞ்சுது, ராத்திரி தூங்குனானான்னு ஆயிரம் இருக்கு. நீங்க எப்ப தட்டிக் குடுக்கறீங்க? அவன் தன் லெவலுக்கு ரொம்ப மேல போயிருக்கும்போது. அடுத்தது எங்க போகும், கீழ தான். எப்ப திட்டறீங்க? அடியில கெடக்கும்போது. அங்கேந்து மேல தான் வரணும். நீங்க வாயே தொறக்கலன்னாலும் இதே நடக்கும்.

இஸ்ரேல் விமானப்படை பயிற்சியாளர் ஒருத்தர் டேனியல் கானமன் கிட்ட அச்சு அசலா உங்க டயலாக்க தான் சொன்னாராம், பாராட்டுனா அடுத்த தடவ கெடுக்கறான், கத்துனா நல்லா பண்றான்னு. கானமன் சைக்காலஜிகாரர், 2002ல பொருளாதாரத்துக்கு நோபல் வாங்குனவர். அவர் வாதமே பண்ணல. தரையில ஒரு குறிய வெச்சு, அதுக்கு முதுக காட்டி நின்னு ஆளுக்கு ரெண்டு தடவ நாணயம் போடச் சொன்னாரு, எங்க விழுந்துச்சுன்னு யாருக்கும் சொல்லல. மொத தடவ கிட்ட போட்டவங்கள்ல நெறைய பேர் ரெண்டாவது தடவ சொதப்புனாங்க, சொதப்புனவங்கள்ல நெறைய பேர் தேறுனாங்க. அங்க யாரு யார திட்டுனா?

பேசின்பிரிட்ஜ் பாபு
நல்லா பீட்டர் உடறம்மா. காசு தூக்கிப் போடறதும் கேரமும் ஒண்ணா? காசுல தெறமையே இல்ல, வெறும் லக்கு. மணி அண்ணன் பசங்க டெய்லி நாலு மணி நேரம் ஆடறவனுங்க.

அப்புறம் இந்த சைக்காலஜி கத. 2015ல 100 ஆராய்ச்சிய எடுத்து திரும்ப செஞ்சு பாத்தாங்களே, தெரியுமா? மொதல்ல செஞ்சப்ப 97 சதவீதம் "ஆமா நிரூபிச்சாச்சு"ன்னு சொல்லிச்சு, திரும்ப செஞ்சப்ப 36 சதவீதம் தான் நின்னுச்சு. நூறுல முப்பத்தாறு மார்க் வாங்கிக்கினு எங்களுக்கு கிளாஸ் எடுக்க வந்துட்டீங்க. எங்க தெரு கிளி ஜோசியக்காரர் இதவிட பெட்டர்.

காலடிப்பேட்டைக்காரி
பாபு அண்ணா, அந்த 100ஐ திரும்ப செஞ்சது யாரு? சைக்காலஜிகாரங்களே தான், ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, 270 பேர் சேந்து, தங்களோட துறை மானம் போகும்னு தெரிஞ்சே செஞ்சு சயின்ஸ் பத்திரிகையில போட்டாங்க. கிளி ஜோசியக்காரர் என்னிக்காவது "நான் சொன்னதுல இத்தன பலிக்கல"ன்னு போர்டு மாட்டியிருக்காரா?

காசு வேற கேரம் வேறன்னு சொன்னது கரெக்ட். தெறம அதிகமா இருக்கற எடத்துல இந்த ஏற்ற எறக்கம் கம்மியா தெரியும், ஆனா இல்லாம போகாது. 1886லயே கால்டன் அப்பாம்மா உயரத்தையும் புள்ளைங்க உயரத்தையும் வெச்சு காட்டுனாரு, ரொம்ப நெட்டையான அப்பாம்மாவுக்கு பொறந்த புள்ளைங்க சராசரிய விட உயரம் தான், ஆனா அவங்க அளவுக்கு இல்ல. உயரத்துக்கு யாரும் திட்டு வாங்கல.

ஸ்ட்ரைக்கர் மணி
சரி, சாயங்காலம் நானும் செஞ்சு பாத்துட்டேன், சிரிக்காதீங்க. கிளப்புல 14 பசங்க, தரையில சாக்பீஸ்ல வட்டம், முதுக காட்டி பழைய காயின தூக்கிப் போட சொன்னேன், நூல் வெச்சு அளந்தேன். மொத ரவுண்டுல முன்னாடி நின்ன அஞ்சு பேர்ல நாலு பேர் ரெண்டாவதுல தூரமா போட்டானுங்க. கடைசி அஞ்சு பேர்ல நாலு பேர் கிட்ட வந்தானுங்க. ஒருத்தன் போட்டது ஜன்னல் வழியா வெளில நின்ன ஸ்கூட்டி மேல, அது வேற கத.

ஆனா ஒண்ணு, 14 பேர வெச்சு எதுவும் சொல்ல முடியாதுன்னு எனக்கும் தெரியும். அப்புறம் என் திட்டுக்கு பவரே இல்லன்னு இதுல எங்க இருக்கு?

காலடிப்பேட்டைக்காரி
இல்லவே இல்லண்ணா, அத நான் சொல்லவும் இல்ல. திட்டுக்கு பவர் இருக்கலாம், இல்லாம இருக்கலாம், கெடுதலே கூட பண்ணலாம். நீங்க இத்தன நாளா பாத்தத வெச்சு மூணையும் பிரிக்க முடியாது, அவ்ளோ தான்.

வண்ணாரப்பேட்டை அம்மா
நடுவுல வரேன், மன்னிச்சுக்கோங்க தம்பி. உங்க கிளப்ப சொல்லல, வேற எடம். என் பையன் ஏழாவது படிக்கறப்போ ஒரு கிளப்புல சேத்து உட்டேன். நல்லா தான் ஆடுனான், ஸ்ட்ரைக்கர தலகாணிக்கு அடியில வெச்சுட்டு தூங்குவான். ஒரு நாள் டபுள்ஸ்ல தப்பு பண்ணிட்டான்னு எல்லார் முன்னாடியும் அசிங்கமா திட்டிட்டாங்களாம். மறுநாள் வயித்த வலின்னான், அதுக்கு மறுநாளும் வயித்த வலி. அப்புறம் போகவே இல்ல. இப்ப அந்த ஸ்ட்ரைக்கர் எங்க வீட்டு ஜன்னல் அடிக்காம இருக்க முட்டுக் குடுக்க தான் ஆவுது. உங்க மாதிரி அந்த கோச்சும் "திட்டுனேன், பசங்க தேறிட்டானுங்க"ன்னு தான் சொல்லிக்கினு இருப்பாரு. என் பையன் அந்த கணக்குல இருக்கானா?

காலடிப்பேட்டைக்காரி
அக்கா, எங்க புரொபசர் ஒரு மணி நேரம் எடுத்த பாடத்த நீங்க நாலு வரியில சொல்லிட்டீங்க. நின்னு போனவங்க கணக்குலேந்து மறஞ்சுடுவாங்க, மிச்சம் இருக்கறவங்க திட்ட தாங்கறவங்க மட்டும், அவங்கள பாத்துட்டு திட்டு நல்லதுன்னு முடிவு பண்ணுவோம். ஆராய்ச்சியில பாதியில போனவங்க எத்தன பேர், எந்த குரூப்லேந்து போனாங்கன்னு எழுதியே ஆகணும்னு சொல்றது இதுக்கு தான்.

ஸ்ட்ரைக்கர் மணி
இதுக்கு என்கிட்ட பதில் இல்லக்கா. என்கிட்டேந்தும் போயிருக்கானுங்க. எத்தினி பேருன்னு எண்ணுனது இல்ல.

பேசின்பிரிட்ஜ் பாபு
அண்ணே நீங்க ஃபீல் ஆவாதீங்க. எனக்கு ஒரே டவுட்டு தான். இத்த ஒழுங்கா டெஸ்ட் பண்ணனும்னா எப்டி? குறை சொல்றது ஈஸி, செஞ்சு காட்டறது எப்டின்னு சொல்லு பாப்போம்.

காலடிப்பேட்டைக்காரி
பசங்கள ரெண்டா பிரிக்கணும், ஒரு பாதிய திட்டறது, ஒரு பாதிய திட்டாம தப்ப மட்டும் சொல்லித் தர்றது. யாரு எந்த பக்கம்னு மணி அண்ணா முடிவு பண்ணக் கூடாது, சீட்டு குலுக்கிப் போடணும். அண்ணா பிரிச்சா அவருக்கே தெரியாம தெறமசாலிங்கள ஒரு பக்கம் தள்ளிடுவாரு. சீட்டு போட்டா நல்லா ஆடறவன், சரியா சாப்டாதவன், வீட்டுல பிரச்சனையோட வர்றவன் எல்லாம் ரெண்டு பக்கமும் கலந்து விழுவான், நமக்கு தெரியாத காரணம் கூட கலந்துடும். ஆள் கம்மியா இருந்தா சீட்டும் ஒரு பக்கம் சாஞ்சுடும், அதான் ஆள் நெறைய வேணும்.

ஸ்ட்ரைக்கர் மணி
நீ கிளப்ப பாத்துட்டு தான் பேசறியா? ஒரே ரூம், பத்துக்கு இருபது. நான் ஒருத்தன திட்டுனா மீதி 13 பேருக்கும் வயித்துல புளி கரைக்கும். அப்ப உன் திட்டாத குரூப்பு எங்க போச்சு?

காலடிப்பேட்டைக்காரி
ஐயோ ஆமால்ல. சீரியஸா சொல்றேன், இது நல்ல ஓட்ட.

பேசின்பிரிட்ஜ் பாபு
காலைல ஒரு பேட்ச், சாயங்காலம் ஒரு பேட்ச். காலைல திட்டு, சாயங்காலம் ஜாலி. முடிஞ்சுச்சு.

ஸ்ட்ரைக்கர் மணி
காலைல வர்றவன் ஸ்கூலுக்கு முன்னாடி எழுந்து வர்றவன்டா. அவன் எப்டி ஆனாலும் நல்லா தான் ஆடுவான். (பாருமா, நானே ஆராய்ச்சியாளர் ஆயிட்டேன்.)

காலடிப்பேட்டைக்காரி
அப்ப பசங்கள பிரிக்க வேணாம், வாரத்த பிரிக்கலாம். எட்டு வாரத்துக்கு எட்டு சீட்டு, நாலுல திட்டு, நாலுல திட்டு இல்ல, குலுக்கி வர்ற வரிசைப்படி நடத்தலாம். ஒரு வாரம் வாங்குன திட்டோட பயம் அடுத்த வாரத்துக்கும் ஒட்டிக்கிட்டு வரும், அந்த கோளாறு இருக்கு, இருந்தாலும் ரூம் பிரச்சன தீரும்.

ஆட்டத்த அளக்கறவரு வேற ஆளா இருக்கணும், அது திட்டு வாரமா இல்லையான்னு அவருக்கு தெரியக் கூடாது. பெர்லின்ல ஹான்ஸ்னு ஒரு குதிரை கணக்கு போடுதுன்னு ஊரே கூடுச்சு, குளம்ப தட்டி விடை சொல்லும். 1907ல ஆஸ்கர் ஃபுங்ஸ்ட்னு ஒருத்தர் கண்டுபுடிச்சாரு, கேள்வி கேக்கறவருக்கே விடை தெரியலன்னா குதிரைக்கும் தெரியல. சரியான எண் வந்ததும் கேக்கறவரோட தலை தன்னால லேசா அசையும், அத பாத்து நிறுத்தியிருக்கு. ஏமாத்தணும்னு யாரும் நெனைக்கல, நம்புனாங்க, அவ்ளோ தான். நீங்களும் திட்டுனா தேறும்னு நம்பறீங்க, ஸ்கோர் ஷீட் உங்க கையில இருக்கக் கூடாது.

வண்ணாரப்பேட்டை அம்மா
ஆராய்ச்சின்னு சொல்லிட்டு புள்ளைங்கள இன்னும் கொஞ்சம் திட்டப் போறீங்களா?

காலடிப்பேட்டைக்காரி
இல்லக்கா, ஏற்கெனவே திட்டிட்டு தான் இருக்காரு, நாலு வாரம் நிறுத்தறது தான் புதுசு. அதுக்கும் பெத்தவங்க கிட்ட சம்மதம் வாங்கணும், பசங்க கிட்டயும் தனியா கேக்கணும், வேணாம்னு எந்த நாள் சொன்னாலும் உட்டுடணும். காலேஜ் பேர்ல செஞ்சா எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாம ஒரு சீட்டு கூட குலுக்க முடியாது.

பேசின்பிரிட்ஜ் பாபு
நல்ல ஆட்டம்னா எத்த வெச்சு சொல்லுவ? ஜெயிக்கறதா? எதிர்ல குந்தறவன் மொக்கையா இருந்தா நான் கூட ஜெயிப்பேன்.

ஸ்ட்ரைக்கர் மணி
ஜெயிக்கறது வேணாம். தனியா குந்த வெச்சு ஒம்பது வெள்ளையையும் ரெட்டையும் போட எத்தினி அடி ஆவுதுன்னு எண்ணலாம், கம்மி அடின்னா நல்ல ஆட்டம். எங்கப்பா எனக்கு அப்டி தான் பாப்பாரு. இதுல ஒண்ணு கேக்கணும். ரெட்டு உள்ள போயி ஃபாலோ உழலன்னா திரும்ப நடுவுல வெச்சு ஆடணும்ல, அந்த அடியெல்லாம் கணக்கா இல்லையா? ஸ்ட்ரைக்கர் உள்ள போனா?

காலடிப்பேட்டைக்காரி
எல்லா அடியும் கணக்கு. ஸ்ட்ரைக்கர் உள்ள போனா ஒரு காயின் வெளிய வரட்டும், அத திரும்ப போடற அடியும் சேரும். எதுவா இருந்தாலும் இன்னிக்கே எழுதி தேதி போட்டு பாபு அண்ணா கிட்ட குடுத்துடுங்க. ஆட்டம் முடிஞ்சப்புறம் "அந்த அடிய உட்டுடலாம்மா, பாவம் பையன்"னு ஆரம்பிச்சீங்கன்னா நமக்கு புடிச்ச முடிவு தான் வரும்.

ஸ்ட்ரைக்கர் மணி
எழுதிட்டேன். தேதியும் போட்டாச்சு. பாபு, காலைல கட பக்கம் வா, வாங்கிக்க. எட்டு வாரத்துல நாலு வாரம் வாய மூடிக்கினு குந்தணும்னா முதல்ல எனக்கு தான்டா வயித்த வலி வரும்.