புதுப்பிப்பு: கழுத்து அறுவை சிகிச்சைக்குப் பிறகு பின்தலையில் சுரீர் வலி, காரணம் தெரிந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கழுத்துத் தண்டுவட அறுவை சிகிச்சை முடிந்து 4 மாதமாகியும், பிடரியிலிருந்து உச்சந்தலை வரை சுரீரென்று வலி வெட்டுகிறது, சீப்பு பட்டாலே எரிகிறது என்று கேட்டிருந்தேன்.

"இது ஒற்றைத் தலைவலி மாதிரி தெரியவில்லை, பின்தலை நரம்பைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் சரி. மருத்துவர் மண்டையோட்டின் அடியில் ஓரிடத்தை அழுத்தியதும் அதே வலி அப்படியே கிளம்பியது. இரண்டாவது கழுத்து நரம்பிலிருந்து கிளம்பித் தலைக்கு ஏறும் நரம்பாம் அது. முதலில் ஸ்கேன் எடுத்து, பொருத்திய திருகுகள் நகரவில்லை என்று உறுதி செய்தார்கள். அப்புறம் மரத்துப்போகும் மருந்தும் ஸ்டீராய்டும் சேர்த்து அந்த இடத்தில் ஊசி போட்டார்கள். சில நிமிடங்களில் வலி நின்றது. அப்படி நின்றதே, கோளாறு இந்த நரம்பில்தான் என்பதற்கு ஒரு சான்று என்றார்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று: மாலையில் மரப்பு விட்டதும் வலி திரும்பிவிட்டது. ஊசி பலிக்கவில்லை என்று அழுதேவிட்டேன். ஸ்டீராய்டு வேலை செய்யச் சில நாள் பிடிக்கும் என்று யாரும் முன்பே சொல்லவில்லை. 4-ம் நாளிலிருந்து நன்றாகக் குறைந்தது.

கூடவே இரவில் காபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்து. முதல் வாரம் தலைசுற்றல் இருந்தது, பிறகு பழகிவிட்டது. இதைத் திடீரென நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நீங்கள் சொன்ன உயரம் குறைந்த தலையணை யோசனையும் உதவியது.

ஊசி போட்டு இப்போது 6 வாரம். வாரத்தில் ஒன்றிரண்டு முறை லேசாக வருகிறது, தூக்கம் கெடுவதில்லை. கை கால் பலவீனமோ நடையில் தடுமாற்றமோ இருந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.