எங்கள் கல்லூரியில் ஆர்மி விங் என்.சி.சி. மட்டும்தான். இதை வைத்து விமானப்படை பைலட் ஆக முடியுமா?

முதலாண்டு_மெக்:
பி.இ. மெக்கானிக்கல் முதலாண்டு படிக்கிறேன். 2007 அக்டோபரில் பிறந்தவள். என்.சி.சி.யின் (தேசிய மாணவர் படை) மூன்றாம் ஆண்டுச் சான்றிதழான 'சி' இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல் விமானப்படைக்குப் போகலாம் என்கிறார்கள். எங்கள் கல்லூரியில் ஆர்மி விங் மட்டும் இருக்கிறது. அதில் சேரலாமா, ஏர் விங்கைத் தேட வேண்டுமா? பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல் இரண்டிலும் 80க்கு மேல்.

வால்காற்று:
பைலட்தான் குறி என்றால் ஏர் விங்தான் வேண்டும், தங்கச்சி. விமானப்படையின் என்.சி.சி. சிறப்பு நுழைவு பறக்கும் பிரிவுக்கு மட்டும் உள்ளது. அதற்கு ஏர் விங் சீனியர் டிவிஷன் (கல்லூரி நிலை) 'சி' சான்றிதழ்தான் கேட்பார்கள். ஆர்மி 'சி' வீண் என்று சொல்லவில்லை, ஆனால் அது ராணுவத்தின் சிறப்பு நுழைவு வழியாகச் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு (ஓ.டி.ஏ.) கொண்டுபோகும். பாதை வேறு.

பக்கத்தில் எந்த ஏர் ஸ்குவாட்ரன் (என்.சி.சி. ஏர் விங்கின் பிரிவு) இருக்கிறது என்று பார்த்து, அதன் அலுவலகத்துக்கு நேரில் போ. வெளிக் கல்லூரி மாணவிகளைச் சேர்க்க இடம் இருக்கிறதா என்று கேள். உங்கள் முதல்வரின் தடையில்லாக் கடிதத்தைக் கையோடு கொண்டுபோனால் பேச்சு சுலபமாக நகரும். இல்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும், ஒரு வருடம் காத்திருக்கத் தேவையில்லை.

பிளஸ் டூவில் கணிதம், இயற்பியலில் தனித்தனியாக 50 சதவீதம் வேண்டும், உனக்கு அது இருக்கிறது. டிகிரியில் 60 சதவீதம் வேண்டும். இறுதியாண்டில் விண்ணப்பிப்பதாக இருந்தால் அந்த நேரத்தில் அரியர் ஒன்றுகூட நிலுவையில் இருக்கக் கூடாது.

திசைமானி:
இதற்கெல்லாம் முன்னால் உடம்பை அள. மூன்று வருடம் பரேடு போய் 'சி' வாங்கிய பிறகு மருத்துவப் பரிசோதனையில் கால் நீளம் போதவில்லை என்று திரும்புவதைப் போலக் கொடுமை வேறில்லை. பறக்கும் பிரிவுக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் குறைந்தபட்ச உயரம் 162.5 செ.மீ.

சுவரில் பிட்டமும் முதுகும் ஒட்ட, நிமிர்ந்து தரையில் உட்கார். தரையிலிருந்து உச்சந்தலை வரை 81.5 முதல் 96 செ.மீ. இருக்க வேண்டும். அப்படியே காலை நேராக நீட்டினால் சுவரிலிருந்து குதிகால் வரை 99 முதல் 120. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலை மடக்கு, பிட்டத்திலிருந்து முழங்கால் முன்பக்கம் வரை 64ஐத் தாண்டக் கூடாது. தலையில் ஸ்கேலைப் படுக்கையாக வைத்து வேறொருவர் அளக்கட்டும். தனியாக அளந்தால் ஒரு சென்டிமீட்டர் சுலபமாகப் பிசகும். காக்பிட்டில் பெடல் எட்ட வேண்டும், அவசரத்தில் இருக்கையோடு வெளியேறும்போது முழங்கால் இடிக்கக் கூடாது. அதனால்தான் இதில் சலுகை கிடையாது.

கண்: ஒன்றில் 6/6, மற்றதில் 6/9. கிட்டப்பார்வை இருக்கவே கூடாது. மைனஸ் பவர் கண்ணாடி போடுகிறாயா என்று எழுதவில்லையே?

ரன்வே09:
தேதிக் கணக்கையும் போட்டுவிடலாம். 'பி' சான்றிதழுக்கு இரண்டு வருடம், 'சி'க்கு மூன்றாவது வருடம். இந்த ஆண்டே சேர்ந்தால் 2028இல் 'சி' கைக்கு வரும். அடுத்த ஆண்டு சேர்ந்தால் 2029.

விமானப்படையின் ஆள்சேர்ப்பு அறிவிப்பு ஜூனிலும் டிசம்பரிலும் வரும். பயிற்சி தொடங்குவது ஓராண்டுக்குப் பிறகு. அந்தத் தொடக்க நாளில் வயது 20 முதல் 24க்குள் இருக்க வேண்டும். உன் பிறந்த தேதிக்கு 2029 ஜூன், 2029 டிசம்பர், 2030 ஜூன் அறிவிப்புகள் சரி. 2030 டிசம்பர் அறிவிப்புக்கான பயிற்சி 2032 ஜனவரியில் தொடங்கும், உனக்கு 24 தாண்டியிருக்கும். இப்போதே சேர்ந்தால் இறுதியாண்டில், 2028 டிசம்பரிலும் ஒரு வாய்ப்பு கூடும்.

பெரும்பாலானோர் சறுக்குவது வருகைப் பதிவில். பரேடு வருகை 75 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வே எழுத முடியாது. பரேடு நாளில் லேப் வந்தால் அன்றே ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம் வாங்கு, செமஸ்டர் முடிவில் அலையாதே. முகாமுக்கும் இதே கதைதான். பத்து நாள் முகாம் உள்தேர்வோடு மோதும் என்று விட்டுவிட்டு, கடைசியில் முகாம் எண்ணிக்கை குறைந்து தவிப்பவர்கள் அதிகம்.

முதலாண்டு_மெக்:
உயரம் 165, கண்ணாடி இல்லை. உட்கார்ந்த அளவுகளை இன்று அம்மாவை வைத்து எடுக்கிறேன். எழுத்துத் தேர்வு இல்லை என்றால் நேராக நேர்முகமா?

வால்காற்று:
நேர்முகம் மட்டும் இல்லை. டேராடூன், மைசூரு, காந்திநகர், வாரணாசி, காஞ்சராபாரா என்று ஐந்து தேர்வு வாரியங்கள். முதல் கட்டத்தில் நுண்ணறிவுத் தேர்வு, பிறகு ஒரு படத்தை 30 வினாடி பார்த்து 4 நிமிடத்தில் கதை எழுதி, குழுவாகப் பேச வேண்டும். இதில் தேறாதவர்கள் அங்கிருந்தே வீடு திரும்ப வேண்டியதுதான். அடுத்த கட்டத்தில் உளவியல் தேர்வு, மைதானப் பணிகள், நேர்முகம்.

பைலட் கேட்பவர்களுக்கு இவை போகக் கணினிவழி விமானித் தேர்வும் உண்டு, சி.பி.எஸ்.எஸ். வாழ்நாளில் ஒரே முறைதான். அதில் தோற்றால் பறக்கும் பிரிவு முடிந்தது, தரைப் பிரிவுகளுக்குத் தடையில்லை. அதனால் விமானப்படையின் எழுத்துத் தேர்வான ஏஎஃப்கேட் படிப்பையும் விடாதே. 100 கேள்வி, 2 மணி நேரம், சரிக்கு 3, தவறுக்கு ஒன்று கழியும். மெக்கானிக்கலுக்குத் தொழில்நுட்பப் பிரிவு திறந்தே இருக்கிறது, அங்கே வயது வரம்பும் 26 வரை.

திசைமானி:
சிறப்பு நுழைவுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது, ஏஎஃப்கேட்டுக்கு உண்டு. அளவுகளை எடுத்ததும் இங்கே போடு. கால் நீளம் 99க்கு அரை சென்டிமீட்டர் முன்பின் வந்தால் எப்படி அளந்தாய் என்பதையும் சேர்த்து எழுது.