தான்சானியா: உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் தேவையா?

கடலோடி:
தான்சானியாவில் ஏழு வருடம் நாட்டின் பொதுமொழியான சுவாகிலியில் படித்த பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்ததும் கணக்கு, அறிவியல், வரலாறு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். மொரோகோரோ பக்கம் இரண்டு வருடம் உயிரியல் சொல்லிக் கொடுத்தேன். செடி எப்படி உணவு தயாரிக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டால் வகுப்பே தலையைக் குனிந்துகொள்ளும். அதையே சுவாகிலியில் கேட்டதும் பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து இலை, வெயில், தண்ணீர் என்று கையை ஆட்டி ஆட்டி முழுசாகச் சொன்னாள். பரீட்சையில் அதே கேள்விக்குக் கீழே கேள்வியையே திரும்ப எழுதி வைத்திருந்தாள். பூஜ்யம் போட்ட கை என்னுடையது, இன்னும் உறுத்துகிறது.

உப்புக்காற்று:
நான் டாரெஸ்ஸலாமில் 11 வருடமாக இருக்கிறேன். எங்கள் அலுவலகக் காவலாளி சம்பளத்தில் பாதியை மகளின் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்குக் கட்டுகிறார். பல்கலைக்கழகம், பெரிய வேலை எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும்போது அவரிடம் போய் சுவாகிலி போதும் என்று எப்படிச் சொல்வது? அதோடு சுகுமா, மாசாய் இனப் பிள்ளைகள் பலருக்குச் சுவாகிலியும் வீட்டு மொழி இல்லையே.

கடலோடி:
அது சரிதான். ஆனால் சந்தை, ரேடியோ, தாலாதாலா என்கிற மினிபஸ் எல்லாம் சுவாகிலி, காதில் விழுந்தே வந்துவிடும். ஆங்கிலம் கிராமத்தில் வகுப்புக்கு வெளியே எங்கே கேட்கிறது? ஆங்கிலத்தை ஒரு பாடமாக ஒழுங்காகச் சொல்லிக் கொடுங்கள் என்றுதான் நானும் கேட்கிறேன்.

உப்புக்காற்று:
அப்படியென்றால் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கில வழியில் கொடுத்துவிடலாமே, திடீர் மாற்றமே இருக்காது.

மலைத்தேன்:
ருவாண்டாவைப் பாருங்கள். 2008இல் பிரெஞ்சை விட்டு ஆங்கிலத்துக்கு மாறினார்கள், அப்புறம் முதல் மூன்று வகுப்புக்கு அவர்கள் தாய்மொழியான கிண்யருவாண்டா என்றார்கள், 2019இல் மறுபடியும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம். பிரெஞ்சில் படித்து வந்த ஆசிரியர் தனக்கே வராத மொழியில் பாடம் நடத்தினால் பிள்ளைக்கு என்ன புரியும்?

உப்புக்காற்று:
ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அறிவியலுக்குச் சுவாகிலியில் சொல் இருக்கிறதா?

கடலோடி:
ஒளிச்சேர்க்கைக்கு உசானிசிநூரு. நூரு என்றால் ஒளி, நூர்ஜகானில் வருகிற அதே நூர். எல்லா நிலையிலும் சுவாகிலியில் கற்பிக்கலாம் என்று தான்சானியாவின் 2014 கல்விக் கொள்கையே சொன்னது, உயர்நிலைப் பள்ளி அப்படியேதான் இருக்கிறது. புத்தகம் அச்சடிக்க நாளாகும், சரி. பரீட்சையில் எந்த மொழியில் வேண்டுமானாலும் பதில் எழுதலாம் என்று முதலில் விடட்டும், அதற்குப் புதுப் புத்தகம் எதுவும் வேண்டாம்.