செக்கு உரலுக்கு இரும்புப் பட்டை: சுற்றளவு கணக்குப் போட்டு வெட்டியும் ஏறவில்லை, உதவுங்கள்

பட்டறைத்தம்பி:
வணக்கம். காங்கேயம் பக்கம் சின்ன வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில் வேலைதான் அதிகம். வட்டமாக எதையும் செய்து பழக்கம் இல்லை. போன வாரம் மரச்செக்கு வைத்திருக்கும் ஒருவர் வந்தார். வாகை மர உரலில் மேல் விளிம்பிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. மேலே ஒன்று, அடியில் ஒன்று என்று இரண்டு இரும்புப் பட்டை போட்டுக் கேட்டார்.

மேல் பட்டையை முதலில் எடுத்தேன். உரலின் குறுக்கே டேப் பிடித்தால் 600 மி.மீ. விட்டம். 600 × 3.14 = 1884. அந்த நீளத்துக்கு 50-க்கு 6 ஃபிளாட் (50 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனம் உள்ள இரும்புப் பட்டை) வெட்டி, ரோலிங் போடும் இடத்தில் வளைத்து வாங்கி, இரு முனையையும் முட்ட வைத்து இரண்டு பாயிண்ட் மட்டும் வைத்தேன். முழு வெல்டிங் இன்னும் போடவில்லை (நல்லவேளை).

மாட்டப் போனால் ஏறவே இல்லை. ஒரு பக்கம் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கம் வெளியே நிற்கிறது. வளையத்தின் உள்விட்டம் அளந்தேன், 594-க்கும் கொஞ்சம் குறைவு. 6 மி.மீ. எங்கே போனது? வெட்டும் முன் மூன்று தடவை அளந்தேன், அதில் தப்பில்லை. ரோலிங்கில் பட்டை சுருங்குமா? வண்டிச் சக்கரத்துக்குச் செய்கிற மாதிரி சூடு காட்டி ஏற்றி விடலாமா?

கணக்குவாத்தியார்:
தம்பி, 3.14 என்பது துல்லியமான எண் இல்லை. அதற்குப் பின்னாலும் தசமம் போய்க்கொண்டே இருக்கும். பள்ளியில் 22/7 போடச் சொல்வோமே, அதைப் போட்டுப் பாருங்கள். நீளம் கூட வரும்.

லேத்காரர்:
ஐயா, கூட வரும், ஆனால் எவ்வளவு? 600-க்கு 22/7 போட்டால் 1885.7. 3.14-க்கும் அதற்கும் 1.7 மி.மீ. வித்தியாசம், அதுவும் நீளத்தில். விட்டத்தில் பார்த்தால் அரை மி.மீ. தம்பிக்குக் குறைவது ஆறு. அதனால் பை (π) என்கிற அந்த எண்ணின் மேல் பழி போட முடியாது.

தம்பி, உன் பெருக்கல் சரி. எந்த வட்டத்தின் சுற்றளவு என்பதில்தான் கோட்டை விட்டாய். உன் வளையத்தில் மூன்று வட்டம் இருக்கிறது: உரலைத் தொடும் உள்வட்டம், வெளியே தெரியும் வெளிவட்டம், பட்டையின் கனத்துக்கு நடுவில் ஓடும் ஒரு வட்டம். நீளமான ரப்பர் துண்டை வளைத்துப் பார். வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நெருங்கிச் சுருங்கும், நடுவில் இருக்கிற இழை மட்டும் நீளம் மாறாது. இரும்பும் அப்படித்தான். நீ வெட்டிய 1884 அந்த நடு இழைக்குப் போய்விட்டது. நடுவிட்டம் 600 ஆனதால், கனம் 6 கழிந்து உள்விட்டம் 594-க்கு வந்து நிற்கிறது.

நம்பிக்கை வராவிட்டால் வளையத்தின் வெளிப்பக்கம் டேப்பைச் சுற்றிப் பார். 1903-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும்.

சூடு பற்றி: இரும்பு மீட்டருக்கு, 100 டிகிரி ஏறினால், 1.2 மி.மீ. நீளும். உனக்கு வேண்டியது நூற்றில் ஒரு பங்கு நீளம். அதற்குப் பட்டையை 900 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும். பட்டை ஏறும், உரல் விறகாகிவிடும்.

பட்டறைத்தம்பி:
அண்ணா, சுற்றிப் பார்த்தேன். 1902-க்கும் 1903-க்கும் நடுவில் காட்டுகிறது! 1884 வெட்டிய பட்டை 1903 ஆனதைப் பார்த்தால் மந்திரம் மாதிரி இருக்கிறது. அப்படியானால் 606-ஐ 3.14-ஆல் பெருக்கி 1903 வெட்டியிருக்க வேண்டுமா?

வண்டிப்பட்டறை:
606 என்று போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. உரல் உண்மையிலேயே வட்டமா? குறுக்கே ஒரு இடத்தில் மட்டும் டேப் பிடித்தாயா, இல்லை திருப்பிப் பிடித்தும் பார்த்தாயா? மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுருங்காது. பழைய உரல் எதுவும் முழு வட்டமாக நான் பார்த்ததில்லை. அதுவும் வெடித்த உரல்!

எங்கள் அப்பா மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட்டவர். விட்டத்தையே அளக்க மாட்டார். சக்கரத்தின் விளிம்பில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, அந்தக் கோடு மறுபடி தரையைத் தொடும்வரை நேராக உருட்டுவார். தரையில் கிடைத்த நீளம்தான் சுற்றளவு. அதோடு பட்டைக் கனத்தைப் போல மூன்று பங்கும் கொசுறாக ஒரு இத்துணூண்டும் சேர்ப்பார். ஏன் மூன்று என்று கேட்டால் "அப்படித்தான்" என்பார். லேத்காரர் எழுதியதைப் படித்த பிறகுதான் அந்த மூன்றும் கொசுறும் சேர்ந்தால் பை என்று எனக்கே உறைத்தது.

உரலை உருட்ட முடியாது. டேப்பைச் சுற்றிப் பிடி.

பட்டறைத்தம்பி:
இப்போதுதான் செக்கிலிருந்து வருகிறேன். குறுக்கே ஒரு பக்கம் 600, அதற்குச் செங்குத்தான திசையில் திருப்பிப் பிடித்தால் 605! டேப்பைச் சுற்றிப் பிடித்ததில் 1892. 1884 எங்கே, 1892 எங்கே. முதல் அளவே தப்பு.

கணக்குவாத்தியார்:
என் பதில் தப்புதான், லேத்காரர் சொன்னது சரி. பிராயச்சித்தமாக ஒரு விஷயம். 600, 605 இரண்டின் சராசரி 602.5. அதை 3.1416-ஆல் பெருக்குங்கள்: 1892.8. நீங்கள் சுற்றிப் பிடித்த 1892-க்கு எவ்வளவு பக்கம்! இது தற்செயல் இல்லை. குழி விழாத எந்த வடிவத்துக்கும், எல்லாத் திசையிலும் எடுத்த அகலங்களின் சராசரியை பையால் பெருக்கினால் சுற்றளவு கிடைக்கும். முட்டை வடிவமாக இருந்தாலும் சரி. சுற்றிப் பிடிக்க இடமில்லாத இடத்தில் நாலைந்து திசையில் குறுக்களவு எடுத்துச் சராசரி போடலாம்.

3.1416 என்பதை நான் கொண்டுவரவில்லை. 20,000 விட்டத்துக்குச் சுற்றளவு 62,832 என்று ஆரியபட்டர் 499-லேயே எழுதி வைத்தது. உங்கள் பட்டைக்கு அது தாராளம்.

லேத்காரர்:
இனிமேல் விட்டத்தை மறந்துவிடு. சுற்றிப் பிடித்த அளவு, அதோடு கனம் × 3.14. இவ்வளவுதான்.

1892 + (6 × 3.14) = 1892 + 19 = 1911.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த 19 உரலின் அளவைப் பொறுத்தது இல்லை. டம்ளருக்கு 6 மி.மீ. பட்டை போட்டாலும் 19, தேர்ச் சக்கரத்துக்குப் போட்டாலும் 19. (டம்ளர் மாதிரி சின்ன வளைவில் நடு இழை கொஞ்சம் உள்பக்கம் நகரும், அது வேறு கதை. உன் அளவுக்கு அந்தக் கவலை இல்லை.)

புதுசு_21:
இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். சின்னதுக்கும் பெரியதுக்கும் ஒரே 19 என்பதை மனம் ஏற்கவில்லை. பெரிய வட்டத்துக்குக் கூடத்தானே சேர்க்க வேண்டும்?

கணக்குவாத்தியார்:
எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். பூமத்திய ரேகையில் பூமியைச் சுற்றி ஒரு கயிறு கட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், சுமார் 40,075 கி.மீ. அந்தக் கயிற்றை எல்லா இடத்திலும் தரையிலிருந்து 1 மீட்டர் உயர்த்த எவ்வளவு கயிறு கூட வேண்டும்? 6.28 மீட்டர்தான். விட்டம் 2 மீட்டர் கூடுகிறது, அதைப் பையால் பெருக்குகிறோம், அவ்வளவுதான். ஒரு கிரிக்கெட் பந்தைச் சுற்றிக் கட்டிய நூலை 1 மீட்டர் தள்ளி நிறுத்தவும் அதே 6.28 மீட்டர். வகுப்பில் இதைச் சொன்னால் பின்வரிசைப் பையன்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

வண்டிப்பட்டறை:
கயிறு இருக்கட்டும், தம்பியின் வேலைக்கு வருவோம். 1911 என்பது தொட்டும் தொடாமலும் உட்காரும் அளவு. வெடிப்பை இறுக்கிப் பிடிக்க அது போதாது. கொஞ்சம் சிறியதாகச் செய்து, சூடு காட்டி ஏற்றி, ஆறும்போது இறுக விட வேண்டும். இந்த அளவுக்கு 4 மி.மீ. குறைக்கலாம், 1907. 300 டிகிரி ஏறினால் ஏறத்தாழ 7 மி.மீ. நீளும். அதில் 4 போக, உள்ளே நுழைய 3 மிச்சம்.

வரட்டியைச் சுற்றி அடுக்கிப் பரவலாகச் சூடாக்கு. ஒரே இடத்தில் கேஸ் அடித்தால் வளையம் கோணிவிடும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் நீல நிறம் வந்தால் 300-ஐ ஒட்டி வந்துவிட்டது என்று அர்த்தம், உடனே எடுத்துவிடு. நாலரைக் கிலோ வளையம், இரண்டு பேர் குறடோடு நிற்க வேண்டும். அப்புறம் முக்கியமான ஒன்று: அது எண்ணெய் குடித்த மரம், பட்டென்று பற்றும். ஈரச் சாக்கைத் தயாராக வைத்துக்கொண்டு, உட்கார்ந்த நொடியே சுற்றிப் போர்த்து.

உருளைக்கடை:
நெருப்பு வேண்டாம் என்றால் இரண்டு அரை வளையமாகச் செய்து, காது வைத்து, போல்ட் போட்டு இறுக்கலாம். மழைக்காலத்தில் மரம் ஊறும், கோடையில் சுருங்கும். அப்போது ஸ்பானரை எடுத்து ஒரு சுற்று முடுக்கினால் போதும். நான் அதைத்தான் விரும்புவேன்.

வெட்டிய பட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். ரோலிங் போடும் மூன்று உருளை மெஷினில் இரு முனையும் வளையாமல் நேராக நிற்கும், கவனித்தாயா? எப்படியும் அந்த நேர்ப்பகுதியை வெட்ட வேண்டும். பக்கத்துக்கு 65 வெட்டினால் மிச்சம் 1754. 1907-க்கு 153 வேண்டும். இரண்டு வெல்டிங் இடைவெளி 2 + 2 போக, 149-க்கு ஒரு வளைந்த துண்டை நடுவில் வைத்து ஒட்டு. குறைகிற 23-ஐ மட்டும் சின்னத் துண்டாக ஒட்டாதே. இரண்டு வெல்டிங்கும் பக்கத்தில் பக்கத்தில் வந்து, சூட்டில் இழுக்கும்போது விரிசல் விட வாய்ப்பு அதிகம்.

பட்டறைத்தம்பி:
போல்ட் யோசனையை உரல்காரரிடம் சொன்னேன். மாடு சுற்றும் செக்கு, வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கயிறு மாட்டும் என்று மறுத்துவிட்டார். அதனால் சூட்டுவழிதான்.

முனைகளை வெட்டி 149 துண்டு வைத்து முழு வெல்டிங் போட்டேன். உள்பக்கம் கிரைண்டர் பிடித்துச் சமமாக்கினேன். ஏற்றுவதற்கு முன் உள்சுற்றளவைப் பார்க்க நினைத்தேன், டேப் உள்பக்கம் ஒட்டி நிற்கவில்லை. வெளியே சுற்றிப் பிடித்து 38 கழித்தேன் (19 வெளிக்கும் நடுவுக்கும், 19 நடுவுக்கும் உள்ளுக்கும்). 1888 வந்தது. உரல் 1892. சரியாக 4 குறைவு.

இன்று காலை ஏற்றினோம். முதல் தடவை பாதியில் நின்றது. வரட்டி ஒரு பக்கம் சரியாக எரியவில்லை. இறக்கி, மறுபடி சுற்றிலும் அடுக்கி ஏற்றினோம், மரச்சுத்தியலால் நாலு தட்டு, உட்கார்ந்தது. புகை மூக்கைத் துளைத்தது, ஆனால் பற்றவில்லை. ஆறிய பிறகு வெடிப்பில் காகிதம்கூட நுழையவில்லை. உரல்காரர் டீ வாங்கித் தந்தார், காசு இரண்டாவது பட்டைக்கு அப்புறமாம்.

அடிப்பட்டைக்குக் கேட்கிறேன். அங்கே சுற்றிப் பிடித்ததில் 1640. அவரிடம் கிடந்த 50-க்கு 8 ஃபிளாட்டையே போடச் சொல்கிறார். 1640 + 25 = 1665. சரியா?

லேத்காரர்:
கூட்டல் சரி. இறுக்கத்துக்கு மூன்றரை கழி. ஒரே வெல்டிங் என்றால் இடைவெளிக்கு 2 கழி. 1659-க்கும் 1660-க்கும் நடுவில் வெட்டு. ஆனால் முனை நேராக நிற்கும் கதை இங்கேயும் உண்டு, அதனால் ரோலிங்குக்குக் கொடுக்கும்போது 1800 கொடுத்து, வளைத்த பிறகு வெட்டிக்கொள்.

பட்டறைத்தம்பி:
அந்த ஃபிளாட்டே மொத்தம் 1750 தான் இருக்கிறது அண்ணா.

உருளைக்கடை:
அப்படியானால் ரோலிங்குக்குக் கொடுக்கும் முன் இரு முனையையும் பக்கத்துக்கு ஒரு சாண், பழைய பைப் ஒன்றின் மேல் வைத்துச் சம்மட்டியால் தட்டி வளைத்துக் கொடு. 1750 போதும்.