அம்மாவுக்கு விசா ரிஜெக்ட், ஹோம் டைஸ் போதாதாம், அவசரம்

ராயபுரம் ராஜ்:
வணக்கம். அம்மாவுக்கு விசா ரிஜெக்ட் ஆகிவிட்டது. ஹோம் டைஸ், அதாவது ஊருக்குத் திரும்ப வைக்கிற பிடிப்பு, போதவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். சொந்த வீடு இருக்கிறது, பேங்க் பேலன்ஸும் காட்டினோம், அப்புறமும் இப்படி. இன்னும் என்ன பேப்பர் வைத்தால் கொடுப்பார்கள்? டேட் நெருங்குகிறது. பணம் வாங்கின ஏஜெண்ட் ஃபோனையே எடுப்பதில்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

பெரம்பூர் லோகோ:
எந்த நாடு பாஸ்?

வியாசை வெங்கி:
கேட்கவே வேண்டாம், இது அமெரிக்க விசாச் சட்டத்தின் 214(பி) பிரிவு. என் மாமியாருக்கும் இதேதான் நடந்தது. விசா கேட்டு வருகிறவர் அங்கேயே தங்கத்தான் வருகிறார் என்று அமெரிக்கச் சட்டம் முதலிலேயே எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்டுவது நம்ம பாடு. ஜெமினி பாலத்துப் பக்கம் அமெரிக்கத் துணைத் தூதரகக் கவுண்டரில் நிற்கிற இரண்டு மூன்று நிமிஷத்தில் கதை முடிந்துவிடும். கட்டுக் கட்டாகக் கொண்டுபோகிற ஃபைலைப் பெரும்பாலும் கேட்கவே மாட்டார்கள். பேப்பரை விடுங்கள், அம்மாவைப் பேசப் பழக்குங்கள். தமிழிலேயே பேசலாம்.

மணலி மாமா:
சொந்த வீடு இருந்தும் ரிஜெக்ட் என்றால் வேல்யூவேஷன் சர்டிபிகேட் வைத்திருக்க மாட்டீர்கள், அதுதான் காரணம். ஒரு வேல்யூவரைப் பிடித்து வீட்டு மதிப்பைப் போட்டு, ஆடிட்டரிடம் நெட்வொர்த் சான்றிதழ் வாங்குங்கள். பட்டா, வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது எல்லாம் சேர்த்து ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுங்கள். என் பையனுக்கு அப்படித்தான் கிடைத்தது.

எம்.கே.பி. நகர் அக்கா:
தம்பி, டேட் என்றால் டிக்கெட் டேட்டா, டெலிவரி டேட்டா? அம்மாவுக்கு என்ன வயது? அப்பா இருக்கிறாரா? அம்மா வேலைக்குப் போகிறார்களா? ஒன்றுமே சொல்லாமல் என்ன பேப்பர் என்று கேட்டால் எப்படி?

விதிமுறை வேந்தன்:
நாட்டின் பெயரே இல்லாத கேள்விக்கு இரண்டு பேர் தீர்வும் சொல்லிவிட்டார்கள், ரொம்பச் சந்தோஷம். டாக்டரிடம் போய் ‘வலிக்குது’ என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரை கேட்பீர்களா தம்பி? ரிஜெக்ஷன் கடிதம் என்று ஒன்று கொடுத்திருப்பார்கள். அதை முழுதாகப் படிக்கவும். படித்துவிட்டு வரவும். வருஷக்கணக்கில் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்கத்தான் ஆளில்லை.

ராயபுரம் ராஜ்:
யு.கே. சார், விசிட் விசா. அக்கா லெஸ்டரில் இருக்கிறாள், மே முதல் வாரம் டெலிவரி டேட். அம்மாவுக்கு 54. அப்பா இல்லை. அம்மாவுக்கு வேலை எதுவும் இல்லை, மீன் வியாபாரம்தான்.

எம்.கே.பி. நகர் அக்கா:
“வேலை எதுவும் இல்லை, மீன் வியாபாரம்தான்.” நல்லா இருக்கு தம்பி! விடிவதற்கு முன்னாடி காசிமேட்டில் போய் ஏலத்தில் நிற்பது யாராம்?

வியாசை வெங்கி:
ஓ, யு.கே.யா. அப்போ 214(பி)யை விட்டுவிடுங்கள். ஆனாலும் லாஜிக் ஒன்றுதான்.

விதிமுறை வேந்தன்:
லாஜிக் ஒன்று இல்லை வெங்கி. அங்கே அதிகாரி முகத்தைப் பார்த்து முடிவு பண்ணுகிறார். யு.கே. விசிட்டுக்குப் பெரும்பாலும் இன்டர்வியூவே கிடையாது, ஏற்றின பேப்பரைத்தான் பார்க்கிறார். பேப்பரை விடுங்கள் என்ற உங்கள் யோசனையைக் கேட்டிருந்தால் அந்த அம்மா ரெண்டாவது தடவையும் ரிஜெக்ட் ஆகியிருப்பார்.

ஈஸ்ட்ஹாம் இளங்கோ:
ராஜ், மூன்று விஷயம் சொல்லுங்கள். ஃபார்மில் அம்மாவின் வேலை என்ன என்று போட்டீர்கள், எத்தனை நாள் தங்குவதாகச் சொன்னீர்கள், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள். கூடவே கடிதத்தில் காரணம் சொல்கிற பாராவைப் பெயர், நம்பர் மறைத்துப் போடுங்கள்.

தண்டையார்பேட்டை தாஸ்:
நான் ஒன்று சொல்கிறேன், யாரும் கோபப்படக் கூடாது. இது பின்கோடு பிரச்சினை. 600013, 600021, 600081 என்று வட சென்னை பின்கோடைப் பார்த்தாலே ஓரமாக வைத்துவிடுவார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அண்ணா நகரில் இருக்கிற சித்தப்பா வீட்டு முகவரி போட்டார், உடனே கிடைத்தது.

எம்.கே.பி. நகர் அக்கா:
கோபம் வரத்தான் செய்யும். நான் 600039. எனக்கும் கிடைத்தது, என் நாத்தனாருக்கும் கிடைத்தது. பேங்குக்காரன் லோன் தர மாட்டேன் என்றாலும் பின்கோடு, பெண் கிடைக்காவிட்டாலும் பின்கோடு. நம்மளே இதைச் சொல்லிச் சொல்லித்தான் வட சென்னைக்கு இந்தப் பெயர்.

தண்டையார்பேட்டை தாஸ்:
அக்கா, லோன் விஷயத்தில் பின்கோடு பார்க்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதை மட்டும் மறுக்காதீர்கள்.

எம்.கே.பி. நகர் அக்கா:
லோன் வேறு, விசா வேறு. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள்.

பெரம்பூர் லோகோ:
விசா சென்டரில் இருப்பவர்கள் கைரேகையும் போட்டோவும் எடுத்து அனுப்புவதோடு சரி. முடிவு எடுப்பவருக்கு ராயபுரம் எது, ராஜா அண்ணாமலைபுரம் எது என்று தெரியவா போகிறது? ஆதாரில் ஒரு முகவரி, பாஸ்புக்கில் ஒரு முகவரி, ஃபார்மில் மூன்றாவது முகவரி என்று இருந்தால் அதுதான் கண்ணில் உறுத்தும்.

மணலி மாமா:
பழவந்தாங்கல் விசா பிள்ளையாரிடம் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பேப்பரும் வேண்டும், அருளும் வேண்டும்.

தண்டையார்பேட்டை தாஸ்:
பழவந்தாங்கல் 600114. பார்த்தீர்களா, பிள்ளையாரே தெற்குப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ராயபுரம் ராஜ்:
சாரி, ஷிப்டில் இருந்தேன். கடிதத்தில் இருப்பது சுருக்கமாக: நீங்கள் வேலையில் இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள், ஆறு மாதம் தங்கக் கேட்டிருக்கிறீர்கள். கணக்கில் ரூ. 3,50,000 ஒரே தடவையில் வந்திருக்கிறது, எங்கிருந்து என்று விளக்கம் இல்லை. ஊரில் உங்களுக்கு இருக்கும் குடும்ப, பொருளாதாரப் பிடிப்பு பற்றி எதுவும் காட்டவில்லை. அதனால் விசிட் விசா விதி வி 4.2 (ஏ), (சி) படி மறுக்கிறேன். அவ்வளவுதான்.
ஏஜெண்ட்தான் ஹவுஸ்வைஃப் என்று போட்டார், மீன் விற்கிறார் என்றால் மதிக்க மாட்டார்களாம். எப்படியும் ஆறு மாதம்தான் கொடுப்பார்கள், முழுசாகக் கேளுங்கள் என்றார். அந்தப் பணம் அம்மா நகையைச் சேட்டு கடையில் அடகு வைத்தது. பேலன்ஸ் காட்ட வேண்டும் என்று ஏஜெண்ட்தான் சொன்னார்.
வீடு வாரியக் குடியிருப்பு. அலாட்மெண்ட் தாத்தா பெயரில் இருக்கிறது, பத்திரம் இன்னும் ஆகவில்லை. வீட்டில் நானும் தம்பியும். தம்பி பிளஸ் டூ, மார்ச்சில் பரீட்சை.

பெரம்பூர் லோகோ:
இதை முதல் பதிவிலேயே போட்டிருக்கலாமே பாஸ்!

ஈஸ்ட்ஹாம் இளங்கோ:
அந்த அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். கணவர் இல்லை, வேலை இல்லை, ஊரில் யார் இருக்கிறார் என்று சொல்லவில்லை, மகள் இங்கே யு.கே.யில் இருக்கிறாள், ஆறு மாதம் வருகிறேன் என்கிறார். நானாக இருந்தாலும் யோசிப்பேன். உங்கள் அம்மாவுக்கு ஊரில் பிடிப்பு இல்லாமல் இல்லை, இருந்ததையெல்லாம் ஏஜெண்ட் அழித்துவிட்டுக் காகிதத்தை ஏற்றியிருக்கிறார்.
(ஏ) என்பது வருகை முடிந்ததும் கிளம்பிவிடுவாரா என்பது. (சி) என்பது சொன்ன காரணம் உண்மையானதா என்பது. இந்த முடிவுக்கு வழக்கமான அப்பீல் கிடையாது, மறுபடி ஃபீஸ் கட்டி எப்போது வேண்டுமானாலும் புதிதாகப் போடலாம். ஆனால் அதே ஃபைலில் நாலு பேப்பரைச் செருகிப் போட்டால் அதே பதில்தான் வரும்.
முதலில் நாட்களைக் குறையுங்கள். பேரக்குழந்தையைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ள வருவதை விதி தடுப்பதில்லை, ஆயா வேலை மாதிரி நீளக்கூடாது, அவ்வளவுதான். ஆறு ஏழு வாரம் கேட்டாலும் விசா வழக்கமாக ஆறு மாதத்துக்குத்தான் கொடுப்பார்கள். அதனால் குறைத்துக் கேட்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. கடையை ஆறு மாதம் பூட்டிவிட்டு வர முடியும் என்றால் அந்தக் கடை ஒரு பிடிப்பா என்று கேட்பார்கள், நியாயம்தானே?
இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடலில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, அம்மாவுக்கு வியாபாரம் மந்தம். டெலிவரி மே முதல் வாரம். ஏப்ரல் கடைசியில் வந்து, தடை முடிகிற சமயத்தில் திரும்புகிறார் என்றால் யாருக்கும் புரியும். ஏன் இப்போது போகிறார், ஏன் அப்போது திரும்புகிறார் இரண்டுக்கும் அது ஒன்றே போதும். தடைக்கால அறிவிப்பு அரசு ஆவணம், அதன் நகலையே வைக்கலாம்.

காசிமேடு கடலோடி:
இளங்கோ அண்ணே, கரையில் நின்று பார்த்ததில்லை போல. தடைக்காலத்தில் நாட்டுப்படகு போகும், கேரளாவிலிருந்து லாரியில் மீன் வரும். வரத்து குறைவதால் விலை ஏறும். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அப்போதுதான் நாலு காசு.

ஈஸ்ட்ஹாம் இளங்கோ:
முதலீடு போட்டு வாங்குகிறவர்களுக்கு அது சரி. கூடை வைத்து விற்கிறவர்களுக்கு?

காசிமேடு கடலோடி:
அவங்களுக்கு அந்த விலையில் ஏலம் எடுக்கவே முடியாது, அதுவும் உண்மைதான். ராஜ், உங்கம்மா எங்கே விற்கிறார்கள்?

ராயபுரம் ராஜ்:
கல்மண்டபம் மார்க்கெட் பக்கம். கூடைதான் அண்ணே. தடைக்காலத்தில் பாதி நாள் போவதே இல்லை.

எம்.கே.பி. நகர் அக்கா:
அப்போ சரியாகப் போச்சு. தம்பி, அம்மாவிடம் மாநகராட்சி கொடுத்த தெருவோர வியாபாரி அட்டை இருக்கிறதா பாருங்கள். 2020க்கு அப்புறம் நிறைய பேர் தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி லோன் பத்தாயிரம் வாங்கினார்கள், அதற்காகவே கார்டு எடுத்திருப்பார்கள். லோன் கட்டின பேங்க் பதிவு இருந்தால் வியாபாரத்துக்குச் சாட்சி அதுவே. மகளிர் குழுவில் இருந்தால் குழு பாஸ்புக். ஜிபே க்யூஆர் வைத்திருந்தால் ஒரு வருஷ வரவை எடுக்கலாம், ஐம்பதும் நூறுமாக வந்திருக்கும். அந்தச் சில்லறைதான் நிஜம், மொத்தமாக வந்த மூன்றரை லட்சம் இல்லை. தம்பியின் பள்ளிக்கூடச் சான்று, ஹால் டிக்கெட், அவனுக்கு அம்மாதான் கார்டியன் என்பதையும் எழுதுங்கள். அப்பா இல்லாத வீட்டில், காலேஜ் சேர வேண்டிய பையனை விட்டுவிட்டு எந்த அம்மா அங்கேயே உட்காருவாள்?

மணலி மாமா:
எல்லாம் சரி, வேல்யூவேஷன் சர்டிபிகேட் வேண்டாமா?

விதிமுறை வேந்தன்:
தாத்தா பெயரில் இருக்கிற, பத்திரம் ஆகாத வாரிய வீட்டுக்கு எதை மதிப்பிடுவீர்கள் மாமா? வீடு இருப்பவன் வாடகைக்கு விட்டுவிட்டும் போகலாம், சொத்து ஆளைத் திருப்பிக் கொண்டுவந்து விடாது. அலாட்மெண்ட் உத்தரவு, மின் ரசீது இரண்டும் வைத்தால் குடியிருக்கிறார்கள் என்பதற்குப் போதும்.
ராஜுக்கு: அடுத்த ஃபார்மில் முந்தைய ரிஜெக்ஷனை மறைக்காமல் சொல்ல வேண்டும். போன தடவை வேலையில் இல்லை என்று போட்டு, இந்தத் தடவை சுயதொழில் என்று போட்டால் முரண்பாடு தெரியும். ஏன் மாறியது என்று கவர் லெட்டரில் நேராக எழுதவும், ஏஜெண்ட் நிரப்பினார் என்பது உட்பட. இங்கே யாராவது போலி வேலைச் சான்று, பேலன்ஸ் காட்ட வாடகைக்குப் பணம் என்று ஆசை காட்டினால் ஓடிவிடவும். ஏமாற்று என்று முடிவானால் பத்து வருஷம் வரை தடை வரும். கனடாவில் அது ஐந்து வருஷம். அமெரிக்காவில் ஆயுளுக்கும்.

கணக்குப்பிள்ளை:
ஐ.டி. ரிட்டர்ன் மூன்று வருஷத்துக்கு இப்போதே போட்டு வையுங்கள் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். அக்னாலெட்ஜ்மெண்டில் தாக்கல் செய்த தேதி இருக்கும், எல்லாம் போன வாரத் தேதியாக இருந்தால் விசாவுக்காகப் போட்டது என்று குழந்தைக்கும் தெரியும். அம்மாவின் வருமானம் வரம்புக்குக் கீழே என்றால் ரிட்டர்ன் இல்லாதது தப்பும் இல்லை. அதை ஒரு வரியில் எழுதினால் போதும்.
அடகு விஷயம்: சேட்டு கடை ரசீதைக் காட்டினால் பணம் எங்கிருந்து வந்தது என்பது தெளிவாகும், ஆனால் கூடவே கடனும் தெரியும். செலவு அக்கா வீட்டுடையது என்றால் எதற்கு அந்தப் பணம்? நகையை மீட்டுவிடுங்கள், வட்டியாவது மிச்சம். பணம் வெளியே போனதற்கும் ரசீதோடு ஒரு வரி விளக்கம் வையுங்கள்.

ஈஸ்ட்ஹாம் இளங்கோ:
கணக்குப்பிள்ளை சொல்வது சரி. அக்காவும் மாப்பிள்ளையும் பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மெண்ட், வீட்டு வாடகை ஒப்பந்தம், அழைப்புக் கடிதம் கொடுக்கட்டும். அம்மா பெயர் இருக்கிற அக்காவின் பிறப்புச் சான்று கட்டாயம். டெலிவரி தேதிக்கு மிட்வைஃப் தருகிற எம்ஏடி பி1 படிவம். தமிழில் இருக்கிற எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம் இல்லாவிட்டால் கணக்கில் எடுக்க மாட்டார்கள். பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்குள்தான் போட முடியும், முடிவு வழக்கமாக மூன்று வாரம்.

தண்டையார்பேட்டை தாஸ்:
எல்லாம் சரி, ஆனாலும் பின்கோடு…

எம்.கே.பி. நகர் அக்கா:
தாஸு, போதும்.

வியாசை வெங்கி:
ராஜ், என்ன ஆச்சு? போட்டாச்சா?

காசிமேடு கடலோடி:
தம்பி ஆளையே காணோம். மார்ச் முடிஞ்சுடுச்சு.

ராயபுரம் ராஜ்:
போட்டாச்சு அண்ணே. வெண்டர் கார்டு அம்மா மசாலா டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தார்கள், பெயரில் ஒரு எழுத்து தப்பு, திருத்த ரொம்ப நாள் ஆகிவிட்டது. ஏழு வாரம் கேட்டிருக்கிறோம். நகையை மீட்டுவிட்டோம். மொழிபெயர்ப்புக்குப் பக்கத்துக்கு 600 வாங்கினார்கள். ஷிப்டுக்கு நேரமாச்சு, நன்றி.

மணலி மாமா:
பக்கத்துக்கு 600ஆ? யாரிடம் கொடுத்தீர்கள்? மின்ட் தெருப் பக்கம் பாதி விலைக்கு ஆள் இருக்கிறாரே, என்னைக் கேட்டிருக்கலாம்.