செப்பலின் திடலுக்கு 85 மில்லியன் யூரோ: போய்ப் பாக்கணுமா, இடிஞ்சு போகட்டும்னு விடணுமா?

நிலா_நியூரம்பெர்க்:
ஊர்ல இருந்து சித்தப்பா பையன் வந்திருக்கான், நேத்து அவனைக் கூட்டிட்டு செப்பலின் திடலுக்குப் போனேன். நாலு வருஷமா இதே ஊர்ல இருக்கேன், முழுசா சுத்திப் பாத்தது நேத்துதான். தெரியாதவங்களுக்கு, ஜெர்மனியில நியூரம்பெர்க் ஊர்ல 1933ல இருந்து 1938 வரைக்கும் வருஷா வருஷம் நாஜி கட்சி மாநாடு நடந்த வளாகத்துல இது ஒரு பகுதி, வளாகம் மொத்தம் 11 சதுர கி.மீ., இந்தத் திடல்ல ஹிட்லர் நின்னு பேசின மேடை மட்டுமே சுமார் 360 மீட்டர் நீளம், டிசைன் பண்ணது ஹிட்லரோட ஆர்க்கிடெக்ட் ஆல்பர்ட் ஸ்பியர். உள்ள போகும்போது வயித்துல ஒரு மாதிரி பிசைஞ்சுது, ஆனா அங்க ஒருத்தர் அந்த மேடைச் சுவத்துல டென்னிஸ் பந்தை அடிச்சு தனியா ப்ராக்டிஸ் பண்ணிட்டு இருந்தார், டொக் டொக்னு அந்த சத்தம் மட்டும்தான் கேக்குது. படிக்கட்டு இடுக்கெல்லாம் புல்லு, தொட்டா கல்லு பேந்து வருது, சில பக்கம் வேலி போட்டு மறிச்சிருக்காங்க. இதை சரி பண்ணத்தான் 85 மில்லியன் யூரோன்னு முடிவாச்சு, பாதி மத்திய அரசு, கால் பங்கு பவேரியா, கால் பங்கு நகராட்சி. என்னைக் கேட்டா செய்ய வேண்டிய செலவுதான், எல்லாரும் ஒரு தடவை வந்து பாக்கணும். நீங்க என்ன சொல்றீங்க?

கரிசல்காட்டான்:
தப்பா எடுத்துக்காதம்மா, எனக்கு இதுல துளிகூட சம்மதம் இல்ல. அந்த மேடையைக் கட்டினதே மேல நிக்கிறவனை சாமி மாதிரியும் கீழ நிக்கிறவனை எறும்பு மாதிரியும் காட்டத்தான். ராத்திரி சுமார் 150 சர்ச்லைட்டை வானத்தைப் பாத்து அடிச்சு ஒளியிலேயே கோயில் மாதிரி பண்ணாங்கன்னு படிச்சிருப்பீங்க. அந்த மயக்கத்துக்காகக் கட்டினதை இன்னைக்கு மக்கள் வரிப்பணத்துல தாங்கிப் பிடிக்கணுமா? அங்க வர்றவங்க முதல்ல என்ன பண்றாங்க, அவன் நின்ன அதே இடத்துல போய் நின்னு போட்டோ எடுக்குறாங்க. நான் ஸ்டுட்கார்ட்ல 18 வருஷமா இருக்கேன், ஆபீஸ்ல எத்தனையோ பேர் கூப்பிட்டாங்க, ஒரு தடவைகூட போனதில்ல, போகவும் மாட்டேன். தானா இடிஞ்சு விழட்டும்.

மாடிப்படி:
நான் ஆர்க்கிடெக்ட், ஒரு விஷயம் மட்டும் சொல்லிடறேன். கரிசல் அண்ணே, "தானா இடிஞ்சு விழட்டும்"னு சொல்றது கேக்க நியாயமா இருக்கு, ஆனா ஸ்பியர் ஆசைப்பட்டதே கிட்டத்தட்ட அதைத்தான். நம்ம கட்டடங்க ஆயிரம் வருஷம் கழிச்சு இடிபாடா நின்னாலும் ரோம் மாதிரி கம்பீரமா இருக்கணும்னு அந்த ஆளுக்கு ஒரு தனி தியரியே இருந்துச்சு. கொடி படர்ந்து, பாதி சரிஞ்சு நிக்கிற மேடை இப்ப இருக்கிறதைவிட அழகாத்தான் தெரியும், அதுதான் ஆபத்து. பக்கத்துல போய் பாத்தாதான் அந்த கம்பீரம் எவ்வளவு பொய்னு புரியும், வெளிய தெரியுற சுண்ணாம்புக் கல்லு வெறும் மேல்தோல், உள்ள செங்கலும் கான்க்ரீட்டும், அவசர அவசரமா கட்டினதால தண்ணி உள்ள இறங்கி குளிர்காலத்துல உறைஞ்சு கல்லைத் தள்ளுது. மேல வரிசையா நின்ன தூணெல்லாம் விழுந்துரும்னு பயந்து 1967லயே நகராட்சி வெடி வெச்சுத் தகர்த்துடுச்சு. கட்டி முழுசா 30 வருஷம் தாங்கல, இவங்களுக்கு ஆயிரம் வருஷ சாம்ராஜ்யம் கேக்குது. இன்னொன்னு, இப்ப நடக்குறது புதுப்பிக்கிற வேலை இல்ல, தூணைத் திரும்பக் கட்டப் போறதில்ல, ஆளுங்க மேல கல்லு விழாம இருக்கணும், இருக்கிற நிலையிலேயே நிக்கணும், அவ்வளவுதான்.

கரிசல்காட்டான்:
தம்பி சொல்றது சரின்னே வெச்சுக்குவோம், அப்ப அந்தத் தூணைத் தகர்த்த மாதிரி மொத்தத்தையும் தகர்த்துட்டுப் போலாமே. 1945 ஏப்ரல்ல அமெரிக்காக்காரன் வந்ததும் உச்சியில இருந்த ஸ்வஸ்திகாவை வெடி வெச்சுத் தூக்கினான், அப்பவே மிச்சத்தையும் தூக்கியிருக்கணும். பவேரியா மலைப்பக்கம் ஓபர்சால்ஸ்பெர்க்ல ஹிட்லர் வீட்டோட மிச்சத்தை 1952ல தகர்த்தாங்கல்ல? பெர்லின் ஸ்பாண்டாவ் ஜெயில்ல ஹிட்லரோட துணைத் தலைவனா இருந்த ஹெஸ் செத்ததும் 1987ல அந்த ஜெயிலையே இடிச்சாங்கல்ல, யாரும் அதைப் புண்ணியஸ்தலமா ஆக்கிரக் கூடாதுன்னு?

வெயில்மரம்:
நான் ம்யூனிக்ல படிக்கிறேன், ஓபர்சால்ஸ்பெர்க் போயிருக்கேன், அதனால சொல்றேன். வீட்டை இடிச்சாலும் பின்பக்க சுவரு மரத்துக்கு நடுவுல மிச்சம் இருக்கு, அதைத் தேடிட்டு ஆளுங்க வந்துட்டேதான் இருக்காங்க. இடிச்சா ஞாபகம் போயிடாது அண்ணா, யார் வேணா வந்து என்ன கதை வேணா சொல்லலாம்ங்கிற நிலைமை ஆயிடும். 1999ல பக்கத்துலயே ஒரு ஆவணக் காட்சியகம் திறந்த பிறகு, அங்க வர்றவங்களுக்குப் பதில் சொல்ல ஒரு இடம் இருக்கு. ஆனா ஒண்ணு ஒத்துக்குறேன், மலை உச்சியில ஹிட்லருக்காகக் கட்டின கழுகுக்கூடு வீடு எனக்குப் பிடிக்கல. 124 மீட்டர் லிஃப்ட்ல, பளபளன்னு பித்தளைச் சுவர் அதுக்கு, மேல போனா ரெஸ்டாரன்ட், எல்லாரும் வியூ பாத்துட்டு கேக் சாப்பிடுறாங்க. நானும் ஆர்டர் பண்ணினேன், பாதியில எழுந்து வந்துட்டேன், இறங்கலை.

நிலா_நியூரம்பெர்க்:
அண்ணே, போட்டோ எடுக்குறாங்கன்னு சொன்னீங்க, உண்மைதான், நேத்தும் பாத்தேன். ஒரு பையன் விளையாட்டுக்குக் கையை அப்படி நீட்டப் போனான், கூட வந்த பொண்ணே பட்டுனு கையைத் தட்டிவிட்டா. இங்க அந்த சல்யூட் அடிச்சா கிரிமினல் கேஸ், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் கிடைக்கலாம், 2017ல பெர்லின்ல பார்லிமெண்ட் முன்னாடி அப்படிப் போஸ் கொடுத்த ரெண்டு சீன டூரிஸ்ட்டை போலீஸ் பிடிச்சாங்க. அந்தப் பையனுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியல, அங்க வந்ததாலதான் தெரிஞ்சுக்கிட்டான். அப்புறம் காங்கிரஸ் ஹால் போனோம், 50,000 பேர் உக்கார பிளான் போட்டு கூரையே போடாம நின்னு போன கட்டடம். அதுக்குள்ள 2001ல ஆவணக் காட்சியகம் வெச்சப்ப, குந்தர் டோமனிக்னு ஒரு ஆர்க்கிடெக்ட் கண்ணாடியும் ஸ்டீலுமா ஒரு நடைபாதையை அந்தக் கல்லுக்குள்ள குறுக்கால குத்தி இறக்கின மாதிரி வெச்சிருக்கார். அதைப் பாத்ததும் என் தம்பி "அக்கா, ஈட்டியால குத்தின மாதிரி இருக்கு"ன்னான். அவனுக்கு 16 வயசு, யாரும் சொல்லித் தரல.

கரிசல்காட்டான்:
நீ சொல்றது மனசுல படுதும்மா. ஆனா என் கோவம் வேற இடத்துல இருக்கு. அதே வளாகத்துக்குத் தெற்கால மேர்ட்ஸ்ஃபெல்ட்னு ஒரு ரயில் ஸ்டேஷன், மாநாட்டுக்கு ஆள் கொண்டாறக் கட்டினது. 1941 நவம்பர் 29, நியூரம்பெர்க்கைச் சுத்தின ஃப்ராங்கோனியா பகுதியில இருந்த சுமார் 1000 யூதர்களை அங்க இருந்துதான் லாட்வியாவுல இருக்கிற ரீகாவுக்கு ஏத்தி அனுப்பினாங்க, உயிரோட திரும்பினவங்க ரொம்ப ரொம்ப கொஞ்சம். அந்த ஸ்டேஷன் மூடி, செடி மண்டிக் கிடக்கு. ஃப்ளோசன்பூர்க் எடுத்துக்கோங்க, அந்த ஊர்ல 1938ல நாஜிகள் வதை முகாம் வெச்சதுக்கே அங்க இருக்கிற கிரானைட்தான் காரணம், இந்த மாதிரி ராட்சசக் கட்டடத்துக்குக் கல்லு வேணும்னு கைதிகளைக் குவாரியில போட்டு வெட்ட வெச்சாங்க, சுமார் 30,000 பேர் அந்த முகாம்லயும் அதோட கிளை முகாம்கள்லயும் செத்தாங்க. ஆனா டூரிஸ்ட் பஸ் எங்க நிக்குது? அவன் நின்னு கத்தின மேடைகிட்ட. செத்தவன் ஏறின பிளாட்ஃபார்முக்கு எத்தனை பேர் போறான்? உன் தம்பிகிட்ட கேளு, ஸ்டேஷனைப் பாத்தானான்னு.

மாடிப்படி:
அண்ணே இதுக்கு என்கிட்ட பதில் இல்ல, நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா இது மேடையை விட்டுடணும்ங்கிறதுக்கான காரணம் இல்ல, ஸ்டேஷனையும் சேத்துப் பாக்கணும்ங்கிறதுக்கான காரணம். மேடையையும் பிளாட்ஃபார்மையும் ஒரே நாள்ல நடந்து பாத்தாதான் அங்க கைதட்டினது இங்க எப்படி முடிஞ்சதுன்னு கால்ல உறைக்கும். 1935 செப்டம்பர் 15, யூதர்களோட குடியுரிமையைப் பறிச்ச சட்டத்தை இதே ஊர்ல, மாநாடு நடக்கிறப்பவே பார்லிமெண்ட்டைக் கூட்டித்தான் நிறைவேத்தினாங்க. அதுக்கப்புறம் ஆறு வருஷம்தான், ஸ்டேஷன்ல ரயில் நிக்குது.

நிலா_நியூரம்பெர்க்:
இல்லண்ணே, நாங்க ஸ்டேஷன் போகல. அப்படி ஒரு இடம் இருக்குன்னே எனக்குத் தெரியாது, நாலு வருஷமா இந்த ஊர்ல இருந்துட்டு இதைச் சொல்லவே கஷ்டமா இருக்கு. தம்பி கிளம்ப இன்னும் ஆறு நாள் இருக்கு, இந்த சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன்.

கரிசல்காட்டான்:
எத்தனை மணிக்குன்னு சொல்லும்மா, நானும் ரயில் ஏறி வர்றேன். ஆனா அந்த மேடைப்பக்கம் என்னைக் கூப்பிடாத, 85 மில்லியன் விஷயத்துல நான் மாறல.

நிலா_நியூரம்பெர்க்:
கூப்பிட மாட்டேண்ணே. பதினோரு மணிக்கு மெயின் ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறோம், சாப்பாடு நான் கட்டிட்டு வந்துடறேன்.