நேரமும் வேலையும்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு கணக்கு, வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள் (பலர் எழுதியது, ஒவ்வொரு பதிவின் மேலேயும் எழுதியவரின் புனைபெயர்)

பேரணாம்பட்டு ரோடு

அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது. மாடல் உங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஏ 12 நாளில் முடிப்பார், பி 18 நாளில் முடிப்பார், இருவரும் 4 நாள் சேர்ந்து செய்த பிறகு ஏ விலகிவிடுகிறார், மீதியை பி எத்தனை நாளில் முடிப்பார்? நான் திண்ணையில் உட்கார்ந்து 1/12, 1/18 என்று பின்னம் போட்டுக்கொண்டிருந்தேன். வாய்விட்டுப் படிப்பது என் பழக்கம். பக்கத்தில் அம்மா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னாடா அது, ஒண்ணின் கீழ பன்னெண்டு? மொத்தம் முப்பத்தாறு கட்டுன்னு வச்சிக்க. ஒருத்தன் நாளைக்கு மூணு கட்டு, இன்னொருத்தன் ரெண்டு. நாலு நாள் சேர்ந்து சுத்தினா இருபது. மீதி பதினாறு. ரெண்டு ரெண்டா சுத்தினா எட்டு நாளு."

பேசும்போது கை நிற்கவில்லை. இலையை உருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்டி, அடுத்த இலை. முப்பத்தாறு எப்படி வந்தது என்று கேட்டேன். "பன்னெண்டாலயும் போவணும், பதினெட்டாலயும் போவணும், மிச்சம் வரக்கூடாது. வேற இன்னா?" என்றார்.

ஐந்தாவது வரைதான் படித்தவர். கடையில் இலையும் தூளும் எடை போட்டுக் கொடுப்பார்கள், அதற்கு ஆயிரம் இத்தனை என்று திரும்பி வர வேண்டும், குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். கணக்கு தெரியாதவள் தலையில் இலைக் கடனை ஏற்றிவிடுவார்கள் என்று அடிக்கடி சொல்வார். கோச்சிங்கில் இதே முறையைக் கடைசி வாரத்தில் ஷார்ட்கட் என்று சொல்லித்தந்தார்கள். எங்கள் வீட்டில் தினமும் ஓடுகிற கணக்கை, எட்டாம் வகுப்பிலேயே எனக்கு ஏன் யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை? அந்தக் கேள்விதான் இன்னும் தீரவில்லை.

காட்பாடி ஜங்ஷன்

உங்கள் அம்மாவுக்கு வணக்கம். ஆனால் அவர் போட்ட எல்சிஎம் (மீச்சிறு பொது மடங்கு) முறை இப்போது எந்த வீடியோவைத் திறந்தாலும் இருக்கிறது நண்பரே. பிரச்சினை முறை தெரியாததில் இல்லை, நேரத்தில்தான். பேங்க் பிரிலிம்ஸில் கணக்குப் பகுதியில் 35 கேள்விக்கு 20 நிமிடம், தப்பானால் கால் மார்க் போகும். அங்கே உட்கார்ந்து பீடிக் கட்டை நினைத்துப் பார்க்க முடியாது.

என் அனுபவம் தேர்வு முடிந்த பிறகு நடந்தது. கிரீன் சர்க்கிள் தாண்டி ஆற்காடு பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு பையன், அவனும் அதே ஷிப்ட் எழுதியவன். நாங்கள் பேசிக்கொண்டு வந்த கணக்கு இது: ஏ 9 நாள், பி 12 நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாறி மாறி, ஏ ஆரம்பிக்கிறார். அவன் 10 முழு 2/7 என்றான். இரண்டு நாளுக்கு 7 பங்கு, மொத்தம் 36 பங்கு, அதனால் 72/7. அவசரத்தில் நிறையப் பேர் செய்வது அதுதான், அந்த விடையையும் ஆப்ஷனில் வைத்திருப்பார்கள். ஐந்து ஜோடியில் 10 நாள், 35 பங்கு முடிந்தது. மிச்சம் 1 பங்கு. பதினோராம் நாள் ஏ-யின் முறை, அவருடைய வேகம் 4 பங்கு, ஆக கால் நாள். 10 முழு 1/4 என்று விளக்கினேன்.

அவன் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, கால் நாள் செஞ்சிட்டுப் போனா அவனுக்கு முழு நாள் கூலி குடுப்பாங்களா?" அவன் அப்பா சித்தாள் வேலைக்குப் போகிறவராம். விஷாரத்தில் இறங்கிவிட்டான். கணக்கின்படி கூலி செய்த வேலையின் விகிதத்தில்தான் பிரியும், அது தனி மாடல், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்விக்கு அவனிடம் ஒரு பதிலும் சொல்லாமல் வந்துவிட்டேன். இந்த மாடல் வரும்போதெல்லாம் அவன் முகம்தான் வருகிறது.

கவுண்டன்யா

குடியாத்தத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. எங்களோடு ஒரு அக்கா படித்தார். பையன் ஆறாவது படிக்கிறான், அவர் குரூப் 4 எழுத வருகிறார். அன்றைக்குப் போர்டில் இருந்த கணக்கு: 8 ஆண்கள் அல்லது 12 பெண்கள் ஒரு வேலையை 20 நாளில் முடிப்பார்கள், 6 ஆண்களும் 11 பெண்களும் சேர்ந்தால் எத்தனை நாள்? சுலபம்தான். 6/8 + 11/12 என்பது 20/12, அதனால் 12 நாள். எல்லாரும் முடித்துவிட்டோம்.

அக்கா பேனாவை நோட்டின் மேல் வைத்துவிட்டு எழுந்தார். "சார், ரெண்டு ஆம்பளைக்கு மூணு பொம்பளையா?"

"கணக்குக்காகம்மா, உட்காருங்க" என்றார் ஆசிரியர்.

அக்கா உட்காரவில்லை. நூறு நாள் வேலையில் ஏரி வெட்டும்போது ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து விடுவார்கள், தனக்குப் பக்கத்தில் நின்ற ஆணுக்கும் தனக்கும் ஒரே அளவுதான், சட்டத்திலும் ஒரே கூலிதான், அப்புறம் இந்தக் கணக்கில் மட்டும் யார் அளந்தார்கள் என்று கேட்டார். குரல் உயரவே இல்லை. ஆசிரியர் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். எனக்கு இந்த மாதிரிக் கேள்வியை எழுதுகிறவர்கள் மேல் இன்றைக்கும் கோபம் இருக்கிறது. முதல் வகை எந்திரம், இரண்டாம் வகை எந்திரம் என்று போட்டாலும் அதே கணக்குதானே வரும்? அதே 12 நாள்தானே?

காட்பாடி அண்ணா, பீடிக் கட்டை நினைத்துப் பார்க்க நேரமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 36 பங்கு என்று நீங்கள் போட்டதும் அந்த அம்மா போட்ட 36 கட்டும் ஒன்றேதான். அவர் உங்களைவிட வேகமாகவே முடித்திருக்கிறார்.

வாலாஜா ரோடு

அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் சேர்ந்தேன், 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. என் அனுபவம் சின்னது. நேர்முகத் தேர்வில் ஒரு அதிகாரி, "20 பேர் 15 நாளில் கட்டும் சுவரை 300 பேர் ஒரே நாளில் கட்டுவார்களா?" என்று கேட்டார். "விகிதப்படி கட்டுவார்கள் ஐயா, ஆனால் சிமென்ட் காய வேண்டும்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

சரி, படிக்கிற பிள்ளைகளுக்குச் சில விஷயம். குரூப் 4இல் 200 கேள்வி, 3 மணி நேரம். அதில் திறனறிவு 25 கேள்வி. ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க். நெகட்டிவ் மார்க் கிடையாது, ஆனால் விடை தெரியாவிட்டாலும் ஐந்தாவது வட்டத்தையாவது நிரப்ப வேண்டும், காலியாக விடக் கூடாது. மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சியின் சிஜிஎல் தேர்வின் முதல் கட்டம் வேறு மாதிரி, 100 கேள்வி 60 நிமிடம், தப்புக்கு அரை மார்க் போகும். இரண்டுக்கும் ஒரே வேகத்தில் தயாராகாதீர்கள்.

அப்புறம், விடை போடுவதற்கு முன்பே ஆப்ஷனைக் கழிக்கப் பழகுங்கள். இரண்டு பேர் சேர்ந்து செய்தால் ஆகும் நாள், வேகமானவரின் நாளில் பாதிக்கு மேலும், மெதுவானவரின் நாளில் பாதிக்குக் கீழும்தான் வரும். 12, 18 என்றால் 6க்கும் 9க்கும் நடுவில். சரியான விடை 7.2. ஆப்ஷனில் 15 இருந்தாலும் 5 இருந்தாலும் கணக்கே போடாமல் அடித்துவிடலாம். மூன்று பேரை ஜோடி ஜோடியாகக் கொடுத்தால், அதாவது ஏ பி 12, பி சி 15, சி ஏ 20 என்றால், 60 பங்கு வைத்து 5, 4, 3 கூட்டினால் 12. ஒவ்வொருவரும் இரண்டு முறை வந்திருக்கிறார்கள், ஆகவே பாதி, 6. மூவரும் சேர்ந்து 10 நாள். அந்தப் பாதியை மறந்துவிட்டு 5 என்று வட்டம் போடுகிறவர்கள் ஏராளம்.

ஆள், நாள், மணி நேரம் மூன்றையும் பெருக்கி வேலையால் வகுக்கிற சூத்திரத்தை மனப்பாடம் செய்யுங்கள், ஆனால் ஏழாம் வகுப்பு நேர், எதிர் விகிதப் பாடத்தைப் படித்த பிறகு செய்யுங்கள். வாழ்த்துகள்.

ஆம்பூர் லைன்

ஐயா, மன்னிக்கவும். 300 பேர் விஷயத்தில் சிமென்ட் மட்டும் காரணம் இல்லை. நான் ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை பார்த்துக்கொண்டே ரயில்வே தேர்வுக்குப் படிக்கிறேன். ஒரு பெரிய ஆர்டர், ஷிப்மென்ட் தேதி நெருங்கிவிட்டது. ஆளை இரட்டிப்பாக்கினால் நாள் பாதியாகும் என்று முடிவு செய்து புது ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மெஷின் அதே எண்ணிக்கைதான். லைனில் யார் மெதுவோ அவர் வேகத்தில்தான் ஷூ வெளியே வரும். லைனிங் ஒட்டுகிற இடத்தில் ஒரு வயதானவர். அவர் முன்னால் பீஸ் குவிந்துகொண்டே போனது. அவர் நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. சூப்பர்வைசர் அவரைத்தான் திட்டினார்.

அன்றிரவு படித்த பயிற்சிப் புத்தகத்தில் முதல் கணக்கே ஆட்களை இரட்டிப்பாக்குவதுதான். விடை சரியாகப் போட்டேன், ஆனால் வெகுநேரம் தூக்கம் வரவில்லை. எல்லாரும் ஒரே வேகம், எல்லாரும் தனித்தனியாக வேலை செய்யலாம், இடைஞ்சல் கிடையாது. இவ்வளவையும் சேர்த்து எடுத்துக்கொண்டால்தான் அந்தச் சூத்திரம் நிற்கும். பாடத்தில் அதை ஒரு வரி எழுதினால்கூடப் போதும்.

வாலாஜா ரோடு

தம்பி, நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் தேர்வில் அதை யோசித்து நேரத்தை விடாதீர்கள்.

பேரணாம்பட்டு ரோடு

ஆம்பூர் நண்பருக்கு: பீடியில் லைன் கிடையாது, அவரவர் முறம் அவரவருக்கு. அதனால் அங்கே கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் கழிவு என்று ஒன்று உண்டு. சுற்றிக் கொண்டுபோனதில் சரியில்லை என்று ஒரு கைப்பிடியை ஒதுக்கிவிடுவார்கள், அதற்குக் கூலி இல்லை. குழாய்க் கணக்கில் கசிவு வருமே, அதுதான் இது.

அணைக்கட்டு மோட்டார்

கசிவு என்றதும் எழுதத் தோன்றியது. நான் பஞ்சாயத்தில் டேங்க் ஆபரேட்டர். போன தேர்வில் வந்த கணக்கு: குழாய் 6 மணியில் தொட்டியை நிரப்பும், கசிவு இருப்பதால் 8 மணி ஆகிறது, நிறைந்த தொட்டி கசிவால் மட்டும் எத்தனை மணியில் காலியாகும்? 24 பங்கு, குழாய் 4, கசிவோடு 3, அப்படியானால் கசிவு 1. விடை 24 மணி.

விடை வந்துவிட்டது, ஆனாலும் ஓஎம்ஆர் விடைத்தாளில் கை ஒரு நொடி நின்றது. என் மேல்நிலைத் தொட்டியில் கேட் வால்வு சரியாக மூடாது. தொட்டி நிறைய இருக்கும்போது தண்ணீர் அழுத்தத்தோடு பீய்ச்சும், மட்டம் இறங்க இறங்க மெலிந்து, கடைசியில் சொட்டும். மணிக்கு ஒரே அளவாகப் போனதை நான் பார்த்ததே கிடையாது. மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாத நாளில் குடத்தோடு நிற்கிற பெண்கள் என்னைத்தான் கேட்பார்கள். அந்த ஹாலில் அவர்கள் முகமெல்லாம் வந்தது. 24 என்றே நிரப்பினேன், கேட்ட கணக்குக்கு அதுதான் விடை.

யாராவது இதைச் சொல்லுங்கள்: அதே தொட்டி, பாதி நிறையும் வரை கசிவு இல்லை, பாதிக்கு மேல்தான் கசிய ஆரம்பிக்கிறது, அதுவும் மணிக்கு அதே ஒரு பங்கு என்றால் நிரம்ப எவ்வளவு நேரம்?

காட்பாடி ஜங்ஷன்

பாதி என்றால் 12 பங்கு. முதல் பாதி நான்கு நான்காக 3 மணி, அடுத்த பாதி மூன்று மூன்றாக 4 மணி. மொத்தம் 7 மணி அண்ணா.

அணைக்கட்டு மோட்டார்

எனக்கும் 7தான் வந்தது. நன்றி தம்பி.